இங்கர் கோவிலும் நவரத்தினத்தின் முழங்காலும்

நவரத்தினத்துக்குப் பொய் சொல்ல வராது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் முப்பத்தொன்பது வருடமாக இருக்கிற மனிதர். அவரைத் தெரிந்த தமிழர் அத்தனை பேருக்கும் இது தெரியும். பின்னல் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் ஒருநாள், நண்பர் ஒருவர் வீடு மாறுவதற்கு உதவப் போகவேண்டியிருந்தது. காலையில் போனை எடுத்து, தனக்குக் காய்ச்சல், வேலைக்கு வரமுடியாது என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். அந்த மனிதனும், "பரவாயில்லை, படுத்து எழும்பு" என்றான். அதோடு போனை வைத்திருக்கலாம். மனம் கேளாமல், "பெரிய காய்ச்சல் இல்லை, முப்பத்தேழு தசம் இரண்டுதான்" என்றார் நவரத்தினம். அரை மணித்தியாலத்தில் தொழிற்சாலையில் போய் நின்றார்.

அப்படிப்பட்டவர் இரண்டு வருடம் ஒரு பொய்யை வளர்த்துக் காப்பாற்றினார் என்றால் ஒருவரும் நம்பமாட்டார்கள். பொய்யை அவர் வைத்திருந்த இடம் தன் வலது முழங்கால். சில நாள் மறதியில் இடது முழங்கால்.

அது எப்படி வந்தது என்று சொல்ல முதலில் இங்கரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நவரத்தினத்தின் மனைவி யோகமலர் இருபத்துநான்கு வருடமாக வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், கடைசி அறையில் இருந்த டேனிஷ் கிழவிதான் இங்கர். இளவயதில் நேர்ஸ். கொரியாவில் யுத்தம் நடந்தபோது டென்மார்க் அனுப்பிய ஆஸ்பத்திரிக் கப்பலில் போனவர். லீவு கிடைத்த ஒருநாளில் யாரோ அவரை ஒரு மலைக்கோவிலுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட புத்த கோவில். அந்தக் கோவிலை மையால் வரைந்த படம் ஒன்று, ஒரு தட்டத்தின் அளவுதான், இங்கரின் கட்டிலுக்கு எதிரே தொங்கியது.

"நீ ஒருநாள் அங்கே போகவேண்டும், யோகா" என்று இங்கர் கிழமைக்கு நாலு தரமாவது சொல்வார். "நம்முடைய நாட்டில் இருப்பதெல்லாம் மேடு. மலை என்றால் அதுதான் மலை."

அப்போது யோகமலருக்கு மார்பில் கட்டி வந்து, வெட்டி, மருந்து ஏற்றி, தலைமயிர் கொட்டி, திரும்ப முளைத்து, மெல்ல மெல்ல வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். கடைசிப் பரிசோதனையின் முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவர் இங்கரின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். போன் மூன்று தரம் அடிக்கும்வரை எடுக்கவில்லை. எதிரே கிடந்தது அந்தப் படம் ஒன்றுதான். நல்ல செய்தி வந்தால் உன்னிடம் வந்து கும்பிடுகிறேன் என்று அதைப் பார்த்து நேர்ந்துவிட்டுத்தான் எடுத்தார். யாழ்ப்பாணத்தார் நேர்த்தி வைக்கும்போது இது எந்தச் சமயத்துக் கோவில் என்று பார்க்கிற வழக்கமில்லை. மடு மாதாவுக்கும் நேர்வோம், முனியப்பருக்கும் நேர்வோம்.

செய்தி நல்ல செய்தி.

இங்கர் தொண்ணூற்றுநான்கு வயதில் நித்திரையிலேயே போனார். படம் யோகாவுக்கு என்று எழுதி வைத்திருந்தார். இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் அன்பளிப்பு வாங்கக்கூடாது என்பது சட்டம். இங்கரின் மகன் மேலிடத்தில் கேட்டு, அனுமதி வாங்கி, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். யோகமலர் அதைச் சாமியறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினார். கோவிலின் கொரியப் பெயர் அந்த வீட்டில் ஒருவரின் வாயிலும் நுழையவில்லை. இங்கர் கோவில் என்றே பெயராகிவிட்டது.

நவரத்தினத்துக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. அவர் ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் புத்தர் சிலையைக் கண்டதெல்லாம் ஆமிக்காரரின் முகாம் வாசலில்தான்.

"புத்தர் என்ன செய்தவர், பாவம்" என்றார் யோகமலர். "அவரைக் கேட்டோ கொண்டுவந்து வைச்சவங்கள்?"

மகள் மிதுஷா, ஓகூஸ் நகரில் உடற்பயிற்சி மருத்துவம் பார்க்கிறவள், மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். எழுநூற்றுச் சொச்சம் படி ஏறவேண்டும் என்று அறிந்து, பயணத்துக்கு முன் பெற்றோரை ஹிம்மெல்பியர்குக்குக் கூட்டிப்போய் நடக்கப் பழக்கினாள். பெயருக்கு வானமலை; உயரம் நூற்றைம்பது மீற்றர்கூட இல்லை. நவரத்தினம் இரண்டு தரம் ஏறி இறங்கி, மேலே நின்று ஐஸ்கிரீமும் குடித்தார். அன்றைக்கு அவருடைய முழங்கால் கல்லுப்போல இருந்ததை மிதுஷா பார்த்தவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒக்டோபர் மாதம், கொரியாவில் காலை ஒன்பதரை. மலை அடிவாரத்தில் மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளும். ஒரு கிழவி கச்சான் வறுப்பதுபோல ஏதோ கொட்டையை மணலில் வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். தாயும் மகளும் தண்ணீர் வாங்கப் போன நேரம் நவரத்தினத்தின் போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து ஜெசிந்தன்.

"சித்தப்பா, அப்பா மோசம் போயிட்டார். இப்பத்தான், ஒரு மணித்தியாலம் இல்லை."

ஜெசிந்தனின் அப்பா தில்லையம்பலம், நவரத்தினத்தின் பெரியப்பா மகன். எண்பத்தாறு வயது, நாலு வருடமாகப் படுக்கை. நல்ல மனிதர். நவரத்தினத்துக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவர். கண் கலங்கியது. ஜெசிந்தனுக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்த பிறகுதான் மற்ற விஷயம் தலையில் இடித்தது.

துடக்கு. தமிழ்நாட்டார் தீட்டு என்பதைத்தான் யாழ்ப்பாணத்தார் துடக்கு என்பார்கள். தகப்பன் வழியில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தொரு நாள் கோவில் வாசல் மிதிக்கக்கூடாது. கட்டிய மனைவிக்கும் அது சேரும். ஆனால் அதில் ஒரு சலுகை உண்டு. செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு; அறியாமல் கோவிலுக்குப் போனவருக்குக் குற்றமில்லை.

தண்ணீர்ப் போத்தலோடு யோகமலர் வந்துகொண்டிருந்தார். புதுச் சப்பாத்து. தலை முழுகிய ஈரம் காயாமல் தொப்பி போட்டிருந்தார். நாலு வருடமாகக் காத்திருந்த முகம். இவர் வாயைத் திறந்தால் அந்த முகம் அப்படியே திரும்பிப் பஸ் ஏறும்.

"யோகம், நீங்கள் ரண்டு பேரும் ஏறுங்கோ. எனக்கு முழங்கால் பிடிச்சுக்கொண்டுது."

"எப்ப பிடிச்சது?"

"இப்பத்தான். படியைப் பாத்தவுடனை."

மிதுஷா சந்தேகமாகப் பார்த்து டேனிஷில் கேட்டாள், எந்த முழங்கால் என்று. அவர் வலதைத் தொட்டார். யோகமலர் தானும் நிற்பதாகச் சொன்னார். அவர் விடவில்லை. "நேத்தி உம்முடையது. நான் என்னத்துக்கு? போயிட்டு வாரும்." புத்தருக்குத் துடக்கு இருக்கிறதோ என்னவோ, அவருக்குத் தெரியாது. நவரத்தினத்துக்கு இருந்தது. ஆகவே வாசலுக்கு இப்பால் ஒரு மர வாங்கில் இருந்துகொண்டார்.

மூன்று மணித்தியாலம். கொட்டை வறுத்த கிழவி அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பதைக் கண்டு, கடைக்குள் போய் நோவுக்கு ஒட்டுகிற மருந்துத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, காற்சட்டையை அவளே உருட்டிவிட்டு ஒட்டினாள். நல்ல காலில் அது நெருப்பாய் எரிந்தது. பொய் சொன்ன கால்தானே, எரியட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

யோகமலர் இறங்கி வந்தபோது முகம் வெளிறிக் களைத்திருந்தது.

"கும்பிட்டனீரோ?"

"ஓம்."

"எப்பிடி இருந்தது உள்ளுக்கு?"

"நல்ல வடிவு" என்றார் யோகமலர். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உணர்ச்சி மேலிட்டால் அப்படித்தான் என்று நவரத்தினம் நினைத்துக்கொண்டார்.

சாவுச் செய்தி கேட்டவர் தலை முழுகவேண்டும். ஹோட்டலில் முதல் ஆளாகக் குளியலறைக்குள் போக அவர் துவாயை எடுப்பதற்குள் யோகமலர் உள்ளே போய்விட்டார். ஈரத்தலையோடு வெளியே வந்ததும் இவர் போய் முழுகினார். காலையிலும் முழுகிய தாய் திரும்ப ஏன் முழுகினாள் என்று மிதுஷா கேட்டாள். வியர்வை என்றார் யோகமலர்.

அடுத்தநாள் விமான நிலையத்தில்தான் நவரத்தினம் மெல்ல, "இப்பத்தான் ஜெசிந்தன் எடுத்தவன்" என்று தொடங்கினார். யோகமலர் சேலைத்தலைப்பு இல்லாத குறைக்குக் கழுத்துச் சால்வையை வாயில் வைத்து அழுதார். பார்த்துக்கொண்டிருந்த நவரத்தினம் தன்னையே நொந்துகொண்டார். எவ்வளவு கள்ளமில்லாமல் அழுகிறாள், நான் இப்படி ஏமாற்றுகிறேனே என்று.

டென்மார்க் திரும்பிய பிறகு முழங்காலை அவரால் சுகமாக்க முடியவில்லை. உடனே சுகம் வந்தால் சந்தேகம் வருமே என்று ஒரு மாதம் நொண்டினார். அந்த மாதத்துக்குள் மிதுஷா டாக்டரிடம் நாள் எடுத்துவிட்டாள். படம் பிடித்தார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் முழங்கால் மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். ஒன்றும் தெரியாத நோவுதான் பொல்லாத நோவு என்று மிதுஷா றப்பர்ப் பட்டி கொண்டுவந்து செவ்வாய்தோறும் கால் நீட்ட வைத்தாள். யோகமலர் பின்னேரம் வேலையால் வந்ததும், ஊரிலிருந்து எடுப்பித்த நோவெண்ணெயைச் சூடாக்கி முழங்காலில் தேய்ப்பார். ஒருநாள் இருநாள் இல்லை. இரண்டு வருடம்.

அந்த நேரங்களில்தான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருக்கும். மனைவி குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தலையில் திரும்ப முளைத்த மயிரைப் பார்ப்பார். அறியாதவளுக்குக் குற்றமில்லை, சரி. அறிந்தவன் அவளை அறியாமல் வைத்திருந்து அனுப்பினால்? இதற்கு ஐயர் ஒருவரிடமும் விடை கிடைக்கவில்லை, அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை.

போன நவம்பரில் வழமையான பரிசோதனையில் யோகமலரின் மார்புப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. பழைய இடத்துக்குப் பக்கத்தில். ஊசியால் குத்தி எடுத்து அனுப்பினார்கள். வியாழக்கிழமை பத்து இருபதுக்கு வந்து பதிலைக் கேட்கச் சொல்லிக் கடிதம் வந்தது. பதில் இணையத்தில் முதலே வந்திருக்கும், பார்த்துச் சொல்லவா என்று மிதுஷா போனில் கேட்டாள்.

"வேண்டாம்" என்றார் யோகமலர். "மனிசற்றை வாயாலை கேக்கிறன்."

நவரத்தினம் மூன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. நிழல் எங்கிருந்து வந்தது என்று டாக்டர்மார் தேடட்டும், அவருக்குத் தெரியும். துடக்கோடு போய்ச் செய்த நேர்த்தி செல்லாது. செல்லாத நேர்த்திக்கு அவள் உயிர் பணயமாகிவிட்டது. அனுப்பியவர் அவர். ஒரு விஷயத்தில் மட்டும் தெளிவாக இருந்தார். பதில் வருவதற்கு முன் சொல்லிவிடவேண்டும். கெட்ட பதில் வந்தபின் சொன்னால் அது கொடுமை. நல்ல பதில் வந்தபின் சொன்னால் அது கள்ளம்.

வியாழக்கிழமை மழை. ஆஸ்பத்திரிக் கார்த் தரிப்பிடத்தில் காரை நிறுத்தியபோது பத்து மணி ஆகவில்லை. யோகமலர் கதவைத் திறக்கப் போனார்.

"கொஞ்சம் பொறும், யோகம். ஒரு விசயம் கதைக்கவேணும்."

"உள்ளுக்குப் போய் இருந்து கதைப்பம்."

"இல்லை. உள்ளுக்குப் போகமுதல் சொல்லவேணும்."

கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜெசிந்தன் அடுத்தநாள் அல்ல, அன்றைக்கே, மலை அடியிலேயே எடுத்தான் என்று. தான் மறைத்தது என்று. தெரிந்துகொண்டே அனுப்பியது என்று. "உமக்கு ஒண்டெண்டால் அது என்னாலைதான். உம்மிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் உம்மைத் துடக்கோடை கோயிலுக்குள்ளை விட்டனான்."

மழை கண்ணாடியில் வழிந்தது. துடைப்பானை நிறுத்த நவரத்தினம் மறந்திருந்தார். அது போய்ப் போய் வந்தது.

"அப்ப முழங்கால்?" என்றார் யோகமலர்.

"முழங்காலுக்கு ஒண்டும் இல்லை."

"இப்ப இல்லையோ?"

"ஒருநாளும் இருக்கேல்லை."

"ரண்டு வருசம்" என்றார் யோகமலர். குரல் ஒரு மாதிரி இருந்தது. "வேலையாலை வந்து, உடுப்பும் மாத்தாமல், எண்ணெய் சூடாக்கித் தேய்ச்சனான். மெல்ல, நோகுது எண்டு சொன்னனீங்கள்."

"நீர் அமத்தித் தேய்ச்சனீர். அது உண்மையா நொந்தது."

யோகமலரின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நவரத்தினம் திரும்பிப் பார்க்கப் பயந்தார். பிறகு சத்தம் கேட்டது. சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எடுக்க முடியாமல், கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். விசர் பிடித்துவிட்டதோ என்று நவரத்தினத்துக்கு யோசனை வந்தது.

"நான் உள்ளுக்குப் போகேல்லை" என்றார் யோகமலர்.

"எங்கை?"

"கோயிலுக்குள்ளை. பாதிப் படியிலை ஜெசிந்தன்ரை தங்கச்சி அஜந்தினி எடுத்தவள், மெல்போர்னிலையிருந்து. 'சித்தி, அப்பா போயிட்டார்' எண்டு கத்தி அழுறாள். நான் என்ன செய்ய? உங்களுக்குத் தெரியாது, கீழை நோவோடை இருக்கிறியள் எண்டு நினைச்சன். திரும்பி இறங்கினால் ஏன் எண்டு கேப்பியள். அண்ணை செத்த செய்தியை அந்த மலையடியிலை, பாஷையும் தெரியாத இடத்திலை வைச்சு எப்பிடிச் சொல்லுறது? மேலைவரைக்கும் ஏறினன். மிதுஷா முன்னாலை ஏறினவள், அவளுக்கு ஒண்டும் தெரியாது. 'நீ போ, பின்னாலை வாறன்' எண்டு அவளை உள்ளை விட்டிட்டு, நான் வாசலுக்கு வெளியிலை மரத்தடியிலை நிண்டனான். திரும்பிக்கூடப் பாக்கேல்லை."

"நல்ல வடிவு எண்டு சொன்னீர்."

"மிதுஷா சொன்னவள், நல்ல வடிவு எண்டு."

நவரத்தினம் துடைப்பானை நிறுத்தினார். ஹோட்டலில் துவாயோடு நின்றது ஞாபகம் வந்தது. தலை முழுக ஒருவரை ஒருவர் முந்தியது ஞாபகம் வந்தது. விமான நிலையத்து அழுகை ஞாபகம் வந்தது.

"அப்ப எயாப்போட்டிலை அழுதது?"

"முதல்நாள் அழ விடாமல் அடக்கி வைச்சிருந்த அழுகை. நீங்கள் சொன்னது வசதியாப் போச்சு."

"நான் உம்மைத் துடக்கோடை உள்ளை அனுப்பிப்போட்டன் எண்டு ரண்டு வருசமா..."

"நீங்கள் அனுப்பினாப்போலை நான் போற ஆளோ?" என்றார் யோகமலர். பிறகு சிரிப்பு நின்றது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "நானும் பயந்துகொண்டுதான் இருந்தனான். கும்பிட்டிட்டன் எண்டு உங்களுக்குப் பொய். நேத்தி அப்பிடியே கிடக்கு. இந்த நிழல் அதுக்குத்தான் வந்தது எண்டு நினைச்சன். உங்களுக்குச் சொன்னால் நீங்களும் பயப்பிடுவியள் எண்டு சொல்லேல்லை."

நவரத்தினத்தின் நெஞ்சில் இரண்டு வருடமாகக் கிடந்த கல் இறங்கியது. பதில் என்னவென்று இன்னும் தெரியாது. நிழல் நிழலாகவே இருந்தது. ஆனாலும் அவருக்கு மூச்சு முட்டாமல் வந்தது. அவள் மாசுபடவில்லை. அவரும் அவளைப் பாழாக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே குடையை ஒருவருக்கு ஒருவர் பிடிக்கப் போய் இரண்டு பேருமே நனைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எட்டி மனைவியின் கையைப் பிடித்தார். நோவெண்ணெய் மணம் விரலிடுக்கில் இன்னும் இருந்தது. நேற்றும் தேய்த்தவர்தானே.

"பத்து பதினெட்டு" என்றார் யோகமலர். ஓடவேண்டியதாயிற்று.

டாக்டர் இளம்பெண். கதிரையில் இருக்க முன்னமே நல்ல செய்தி என்று சொல்லிவிட்டாள். பழைய வெட்டின் தழும்புதான் உள்ளே தடித்துப்போய் நிழலாகத் தெரிந்திருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண் சிவந்து, முகம் முழுக்கச் சிரிப்பு.

"உங்களுக்கு யாராவது முதலே சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டாள்.

"இல்லை, இல்லை" என்றார் நவரத்தினம். "இது வேறை விசயம்." தமிழில் சொல்லிவிட்டதை அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தார்.

நடைபாதையில் பத்து அடி போனதும் யோகமலர் அவர் முழங்கையில் தட்டினார். "நேரா நடவுங்கோ." அவர் பழக்கதோஷத்தில் நொண்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மிதுஷாவுக்குப் போனில் முழுக்கதையையும் சொன்னார்கள். அவள், நீங்கள் இருவரும் முழுப் பைத்தியம் என்று டேனிஷில் சொன்னாள். ஹிம்மெல்பியர்கில் இரண்டு தரம் ஏறிய கால் என்று தனக்கு முதல்நாளே தெரியும், ஆனால் அப்பா பொய் சொல்லமாட்டார் என்பதால் தன் படிப்பைத்தான் சந்தேகப்பட்டதாகவும் சொன்னாள். அதைக் கேட்க நவரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது.

நேர்த்தி நேர்த்திதான். இந்த வருடம் மே மாதம் திரும்பப் போவது என்று முடிவாயிற்று. ஏப்ரல் முழுக்க நவரத்தினம் ஒரு வேலை செய்தார். பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, கொழும்பு என்று எழுபது தாண்டிய தன் பக்கத்துச் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் போனில் அழைத்துச் சுகம் விசாரித்தார். மருந்து ஒழுங்காக எடுக்கிறீர்களா, படியில் கவனமாக இறங்குங்கள், குளிரில் வெளியே போகாதீர்கள். இருபது வருடம் பேசாமல் இருந்த ஒரு சிற்றப்பாவைக்கூட விடவில்லை. "தம்பிக்கு இப்பவாவது என்ரை நினைவு வந்ததே" என்று அந்த மனிதர் அழுதுவிட்டார். மே மாதக் கடைசிவரை உயிரோடு இருந்தால் போதும் என்று இவர் நினைத்தது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சிற்றப்பாவோடு இப்போதும் கிழமைக்கு ஒருதரம் பேசுகிறார்.

மலை அடிவாரத்தில் எல்லாம் அப்படியே இருந்தது. மரம் மட்டும் இளம்பச்சை. படி நெடுகக் கலர்க் காகித விளக்குகள். கொட்டை வறுக்கிற கிழவி நவரத்தினத்தைக் கண்டதும் முதலில் முழங்காலைத்தான் பார்த்தாள். யோகமலர் தன் போனை எடுத்தார். நவரத்தினம் தன் போனை எடுத்தார். இரண்டையும் மிதுஷாவின் கையில் கொடுத்தார்கள்.

"நாங்கள் இறங்கி வருமட்டும் ஆர் எடுத்தாலும் நீ கதை. எங்களுக்கு ஒண்டும் வந்து சொல்லாதை" என்றார் நவரத்தினம்.

"ஓகே. உங்கட துடக்கை நான் வைச்சிருக்கிறன்" என்றாள் மிதுஷா, தனக்குத் தெரிந்த தமிழில். அதே வாங்கில் போய் இருந்தாள்.

ஏறினார்கள். அஜந்தினியின் போன் வந்த இடத்தை யோகமலர் காட்டினார். ஒரு கல்லும் அதன் பக்கத்தில் தண்ணீர் விழுகிற சின்னப் பீலியும். மேலே, அன்றைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மரத்தையும் காட்டினார். சப்பாத்தைக் கழற்றி, பக்கத்து வாசலால் உள்ளே போனார்கள். பலகை நிலம் காலுக்கு இதமாக இருந்தது. நவரத்தினம் நினைத்து வந்ததுபோல அது ஒன்றும் பயமான இடமாக இருக்கவில்லை. புத்தர் மஞ்சள் வெளிச்சத்தில் அரைக்கண் மூடி இருந்தார். முகாம் வாசலில் கண்டவரும் இவரும் ஒரே ஆள் என்று நம்புவது அவருக்குச் சிரமமாக இருந்தது. யோகமலர் அடிவாரத்தில் வாங்கிய அரிசிப் பையை மற்றவர்கள் வைத்த இடத்தில் வைத்தார். பிறகு கைப்பையிலிருந்து இங்கரின் படத்தை எடுத்து, கோவிலைப் பார்க்கும்படி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். இங்கருக்குத் திரும்ப ஒருதரம் வர ஆசை. வரமுடியவில்லை.

யோகமலர் அழுதார். இந்தமுறை நவரத்தினம் தன்னை நொந்துகொள்ளவில்லை. அவருக்கும் அழவேண்டும்போல இருந்தது, அழுதார்.

இறங்கும்போது மிதுஷா எழுந்து நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் படியில் நின்றுவிட்டார்கள்.

"என்ன? ஆரும் எடுத்ததோ?"

"ஓம். பாரிஸ் தாத்தா." சுகம் விசாரித்த அந்தச் சிற்றப்பாவைத்தான் சொன்னாள். "நீங்கள் ஏறிட்டியளோ எண்டு கேட்டவர். ஒருத்தரும் சாகேல்லை."

அதைக் கேட்டபிறகுதான் நவரத்தினம் கடைசிப் படியை விட்டு இறங்கினார். இறங்கியவர் அப்படியே வாங்கைப் பிடித்துக்கொண்டு குந்தினார். வலது முழங்காலைப் பிடித்தார்.

"என்னப்பா?"

"நோகுது."

யோகமலர் மகளைப் பார்த்தார். மகள் தாயைப் பார்த்தாள். கொட்டைக்காரக் கிழவி மட்டும் அவரை நம்பி, மருந்துத் துணி எடுக்கக் கடைக்குள் ஓடினாள்.

"விளையாட்டில்லை, யோகம். இப்ப உண்மையிலேயே நோகுது" என்றார் நவரத்தினம்.

யோகமலர் பெருமூச்சு விட்டார். இங்கரின் படத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, கைப்பையின் அடியில் கைவிட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்தார்.

"காற்சட்டையை உருட்டுங்கோ" என்றார்.